கார் கலரை அந்தி வெளிச்சத்தில் பார்த்து எடுங்கள்

ஷோரூமுக்குள் நின்று கார் கலரை முடிவு செய்யாதீர்கள். மேலே வரிசையாக எரியும் வெள்ளை விளக்குகளும் துடைத்து வைத்த தரையும் எந்தக் கலரையும் பளபளவென்றுதான் காட்டும். அந்த வண்டி நாளைக்கு ஓடப்போவது விடியற்காலையில், மழையில், சாயங்கால மங்கலில். அந்த நேரத்தில் எதிரே வருகிறவர் கண்ணில் அது எத்தனை சீக்கிரம் படும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அடிபட்ட வண்டி டிங்கரிங் முடிந்து வந்ததும் பட்டி பூசி, தேய்த்து, பிரைமர் போட்டு, கலர் அடித்து, அதன் மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு ஏற்றி அனுப்புவேன். இதில் கஷ்டமான கட்டம் கலர் மேட்ச் செய்வது. ஒரு கதவுக்கு மட்டும் புதிதாக அடித்தால், அது பக்கத்து ஃபெண்டரோடு எந்த வெளிச்சத்திலும் சேர்ந்து நிற்க வேண்டும். அதற்காகச் சோதனைத் தகட்டை வெயிலில் பிடித்துப் பார்ப்பேன், நிழலில் பார்ப்பேன், டியூப் லைட்டில் பார்ப்பேன். ஒரே கலர் மத்தியானம் ஒரு மாதிரியும் சாயங்காலம் வேறு மாதிரியும் தெரிவது எனக்கு அன்றாடம் பார்க்கிற விஷயம். புதுக் கார் எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் இரண்டு கேள்வி கேட்பார்கள். இந்தக் கலர் எடுத்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? எந்தக் கலர் பாதுகாப்பு? முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

கலரை வைத்து ஆளை எடை போடலாமா?

சிவப்புக் கார்க்காரர் வேகமாகப் போவார், கறுப்பு எடுப்பவர் கெத்து காட்டுவார், வெள்ளை எடுப்பவர் நிதானமானவர் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்ப எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. முதலில், அந்தக் கலரை ஓட்டுகிறவர்தான் தேர்ந்தெடுத்தாரா? பலர் பழைய வண்டி வாங்கியவர்கள், கிடைத்த கலர் அதுதான். சிலருடையது அலுவலகம் கொடுத்த வண்டி. கேட்ட கலருக்குக் காத்திருக்க முடியாமல் கையிருப்பில் இருந்ததை எடுத்தவர்கள் உண்டு. பின்னால் விற்கும்போது சுலபமாகப் போகும் என்று வெள்ளை எடுப்பவர்களும் நிறைய. இதில் எங்கே குணத்தைப் பார்ப்பது? ஃபோர்டு மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டும்தான் வந்தது. அதை வாங்கிய அத்தனை லட்சம் பேருக்கும் ஒரே சுபாவமாக இருந்திருக்க முடியாது. இன்றைக்கும் உலகத்தில் விற்கும் புதுக் கார்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெள்ளை, கறுப்பு, சாம்பல், சில்வர் என்ற நான்கு கலருக்குள் அடங்கிவிடுகின்றன.

ஓட்டுகிறவரின் குணமா, கலரா என்பதைப் பிரித்துப் பார்க்க சிங்கப்பூரில் நல்ல வாய்ப்பு ஒன்று அமைந்தது. அங்கே ஒரே டாக்ஸி நிறுவனத்திடம் மஞ்சள், நீலம் என்று இரண்டு கலர் வண்டிகள் இருந்தன. ஓட்டுநர்கள் தங்கள் குணத்துக்கு ஏற்றபடி கலர் எடுக்கவில்லை. 36 மாத விபத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, மஞ்சள் டாக்ஸிகளில் ஆயிரம் வண்டிக்கு மாதம் சுமார் 6 விபத்து குறைவாக இருந்தது. அதாவது கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைவு. மஞ்சள் ஓட்டுகிறவர்கள் நிதானமானவர்களோ என்று வேகத்தையும் மற்றதையும் ஒப்பிட்டார்கள்; சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மஞ்சள் வண்டி மற்றவர்கள் கண்ணில் சீக்கிரம் பட்டது, அதுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 2017ல் இந்த ஆய்வு வெளியானது. என் வேலைக்கு நெருக்கமான ஆய்வுகளில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான், ஏனென்றால் வண்டியும் வேலையும் ஒன்று, மாறியது பெயிண்ட் மட்டும்.

ஆகவே கலர் உங்களைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்பதை மற்றவருக்கு எப்போது சொல்கிறது என்பது முக்கியம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். 80ல் போனால் 22 மீட்டர். எதிரே வருகிறவர் உங்களை ஒரு விநாடி முந்திப் பார்த்துவிட்டால் அவ்வளவு தூரம் கையில் மிச்சம்.

ஆய்வுகள் எந்தக் கலருக்கு ஓட்டுப் போடுகின்றன?

ஒரே கலருக்குப் போடவில்லை. இதைத் தெரிந்துகொண்டால் நிறையக் குழப்பம் தீரும்.

ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் 2007ல் வெளியிட்ட ஆய்வில் வெள்ளை நல்ல இடத்தில் இருந்தது. வெள்ளையோடு ஒப்பிட்டால், பகல் நேரத்தில் கறுப்புக்கு விபத்து வாய்ப்பு 12 சதவீதம் கூடுதல், சாம்பலுக்கு 11, சில்வருக்கு 10, சிவப்புக்கும் நீலத்துக்கும் 7. ஆனால் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து, 2003ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பலத்த காயம் ஏற்படும் விபத்துகளில் சில்வர் கார்கள் சிக்கும் வாய்ப்பு வெள்ளைக் கார்களைவிடப் பாதி அளவுக்குக் குறைவாக இருந்தது. ஒன்றில் சில்வர் வெள்ளைக்குக் கீழே, இன்னொன்றில் மேலே.

இரண்டும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. கறுப்பு இரண்டிலுமே பின்னால் நிற்கிறது. ஆக்லாந்தில் பழுப்பும் பச்சையும் அதோடு சேர்ந்துகொண்டன. அடர்ந்த கலர்கள் கஷ்டம் கொடுக்கின்றன என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன். "இதுதான் உலகத்திலேயே பாதுகாப்பான கலர்" என்று யாராவது ஒரே பதில் சொன்னால் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தச் சாலை, என்ன வெளிச்சம், பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

கண் எப்படிப் பார்க்கிறது

ஒரு வண்டி தெரிவது அதன் கலரால் மட்டும் இல்லை. அதற்கும் அதன் பின்னால் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தால். தார் ரோட்டு முன்னால் சாம்பல் கார், மரங்கள் முன்னால் பச்சைக் கார், பனிமூட்டத்தில் வெள்ளைக் கார் இவை மூன்றும் ஒரே வகைப் பிரச்சினை. விளிம்பு கரைந்துவிடும். கண் முதலில் பிடிப்பது விளிம்பைத்தான்.

அடுத்தது வெளிச்சம் குறையும்போது நடப்பது. பகலில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அதாவது மஞ்சள் கலந்த பச்சைக்கு, அதிகக் கூர்மையாக இருக்கும். இருட்ட இருட்ட விழித்திரையில் வேறு வகைச் செல்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அப்போது கூர்மை 507 நானோமீட்டர் பக்கம், நீலப்பச்சைக்கு நகரும். அந்தச் செல்களுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே இதைக் கவனித்து எழுதினார்; அவர் பெயரிலேயே இது இன்றும் வழங்குகிறது.

எங்கள் பட்டறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கலர் அடித்துப் பார்க்க வைத்திருக்கும் உள்ளங்கை அகலத் தகடுகளில் ஒரு சிவப்பு, ஒரு நடுத்தர நீலம் எடுத்துச் சாயங்காலம் வெளியே சுவரில் சாய்த்து வைப்பேன். சூரியன் இருக்கும்போது சிவப்பு எட்டி நின்று கூப்பிடும், நீலம் அடங்கி இருக்கும். சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் இரண்டும் சமமாகும். இன்னும் இருட்டினால் நீலம் வெளிறி மிதக்கும், சிவப்புத் தகடு இருந்த இடத்தில் கரி பூசினது மாதிரி ஒரு சதுரம் மட்டும் நிற்கும். கிளியர் கோட் பளபளப்பு இருந்தும் அப்படித்தான். சிவப்புக் கார் எடுக்க வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன், பேசிப் புரியவைப்பதைவிடச் சுலபம். அமெரிக்காவில் 1970களில் பல தீயணைப்புத் துறைகள் சிவப்பு வண்டியை விட்டு எலுமிச்சை மஞ்சளுக்கு மாறிப் பார்த்ததற்கும் கண்ணின் இந்தக் குணம்தான் காரணம்.

கலரைச் சோதிக்கும் முறை

உங்களுக்குப் பிடித்த கலர் இரண்டோ மூன்றோ இருக்கும். அந்தக் கலரில் ஓடுகிற வண்டிகளைத் தெருவில் தேடுங்கள். ஷோரூமில் கொடுக்கும் அட்டையில் உள்ள குட்டிச் சதுரம் போதாது. தட்டையான சின்னச் சதுரத்தில் தெரியும் கலரும் வளைந்த பானெட்டில் தெரியும் கலரும் வேறு.

சூரியன் மறைந்த பிறகு அரை மணி நேரம் வரை உள்ள பொழுதைப் பிடியுங்கள். பாதுகாப்பான இடத்தில், சாலை ஓரத்திலிருந்து நன்றாகத் தள்ளி நின்று, நீங்கள் தினமும் போகும் சாலையில் வருகிற வண்டிகளைப் பாருங்கள். விளக்குப் போடாமல் வருகிறவை சில இருக்கும். அவற்றில் எது தூரத்திலேயே கண்ணில் பட்டது, எது கிட்டே வந்த பிறகுதான் "அட, கார்" என்று தெரிந்தது என்று கவனியுங்கள். ஒரு சாயங்காலம் இப்படி நின்றாலே சாம்பல் மெட்டாலிக்கைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் மாறும்.

அப்புறம் ஃபோன் கேமரா. படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். கலர் போய், வெளிச்ச வித்தியாசம் மட்டும் மிஞ்சும். படத்தில் கார் சாலையோடும் பின்னணியோடும் ஒட்டிப்போனால், மங்கலில் மனிதக் கண்ணிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஒட்டும். ஃபோன் தானாகவே இருட்டைத் தூக்கிக் காட்டும், அதனால் நைட் மோடை அணைத்துவிட்டு எடுங்கள். மழை நாளில் ஒரு படம், வெயிலில் ஒரு படம் என்று எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நல்லது.

கடைசியாக உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் பாருங்கள். தினமும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள்? மத்தியானம் மட்டும் ஓட்டுகிறவருக்கும் விடியற்காலை நாலரைக்குக் கிளம்புகிறவருக்கும் ஒரே கலரைச் சொல்ல மாட்டேன்.

கலர் கலராகச் சில வார்த்தை

வெள்ளை பெரும்பாலான சாலைகளில் நன்றாகத் தெரியும். தார் ரோடு, மரம், செங்கல் சுவர் எதுவும் அதை விழுங்காது. அடர்ந்த மூடுபனியிலும் உறைபனி விழுந்த நிலத்திலும் மட்டும் அது தொலைந்துபோகும். பனி அதிகமுள்ள மலைச் சாலையில் தினமும் போகிறவர் வெள்ளையை விட்டுப் பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ எடுப்பது நல்லது.

மஞ்சள், எலுமிச்சை, ஆரஞ்சு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணில் படுவதில் இவைதான் முன்னால். வீட்டில் சம்மதித்தால் எடுங்கள்.

சில்வரையும் சாம்பலையும் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இவற்றின் குணம் கடையில் தெரியாது. மெட்டாலிக் பெயிண்டில் மெல்லிய அலுமினியத் துகள்கள் இருக்கும். அவை குட்டிக் கண்ணாடிகள். நேராகப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், சாய்வாகப் பார்த்தால் இருண்டுவிடும். இதை நாங்கள் ஃபிளாப் என்போம். கலர் மேட்ச் செய்யும்போது எங்களை அதிகம் படுத்துவதும் இதுதான். வெயிலில் இந்தத் துகள்கள் மின்னுவதால் சில்வர் கார் தூரத்திலேயே தெரியும். மேகமூட்டமான மழை நாளில் அந்தக் கண்ணாடிகளில் விழுவது சாம்பல் வானமும் நனைந்த தார் ரோடும். கார் தன்னைச் சுற்றி இருப்பதையே திருப்பிக் காட்டிக்கொண்டு வரும். ஆய்வுகளில் சில்வர் ஒரு இடத்தில் நன்றாகவும் இன்னொரு இடத்தில் மோசமாகவும் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது வரும் பளபளப்பில்லாத சிமெண்ட் சாம்பல் கலர்கள் வெயிலில்கூட மின்னுவதில்லை, அவற்றை எடுப்பவர்கள் விளக்கு விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

சிவப்பு பகலில் நல்லது, அந்தியில் இல்லை. நீலத்தில் வெளிறிய நீலம் பரவாயில்லை, கடற்படை நீலம் கறுப்புக்குச் சமம். பச்சை, பழுப்பு இரண்டும் மரமும் மண்ணும் நிறைந்த சாலைகளில் மறையும்.

கறுப்பு நிழலில் மறையும், அந்தியில் மறையும், விளக்கில்லாத சாலையில் சுத்தமாக மறையும். இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் ஒரே மாடல் காரில் கறுப்பையும் சில்வரையும் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திப் பார்த்தது. கறுப்பின் கூரை 25 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் சூடு. உள்ளே காற்று 5, 6 டிகிரி கூடுதல். நீண்ட ஓட்டத்துக்கு முன் வெந்துபோன வண்டியில் ஏறி உட்காருவது ஓட்டுகிறவருக்கு நல்லதில்லை.

மேலே ஒரு கலர் கீழே ஒரு கலர் என்று கூரையை மட்டும் கறுப்பாக்கிக் கொள்கிறவர்களுக்கு: பக்கவாட்டுக் கதவுகளும் முன்பின் பம்பரும் வெளிறிய கலராக இருந்தால் போதும், தெரிவதில் பெரிய நஷ்டம் இல்லை.

ஏற்கெனவே கறுப்பு வண்டி வைத்திருந்தால்

மாற்ற வேண்டியதில்லை. நன்றாக இருட்டிய பிறகு எந்தக் கலரும் தானாகத் தெரியாது, விளக்கும் ரிஃப்ளெக்டரும்தான் தெரியும். பகலிலும் மங்கலிலும்கூட விளக்கு கலரின் குறையை நிறையச் சரிக்கட்டும். ஸ்வீடனில் 1977லிருந்தே பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முதல் புது மாடல் கார்கள், இஞ்சின் ஓடும்போது தானாக எரியும் பகல் விளக்கோடுதான் வருகின்றன.

இந்தப் பகல் விளக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது, தயவுசெய்து இன்றைக்கே உங்கள் வண்டியில் பாருங்கள். பல கார்களில் பகல் விளக்கு முன்னால் மட்டும் எரியும், பின்னால் டெயில் லைட் எரியாது. டேஷ்போர்டு மட்டும் ஜொலித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர் விளக்கு எரிகிறது என்று நினைத்துக்கொள்வார்; பின்னால் வருகிறவருக்கு மழையில் வெறும் சாம்பல் முதுகுதான் தெரியும். இஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். எரியவில்லை என்றால் மழை தொடங்கியதும், வெயில் இறங்கியதும் கையால் ஹெட்லைட் சுவிட்சைத் திருப்பும் பழக்கம் வேண்டும். ஆட்டோ என்ற நிலையில் விட்டால் போதும் என்று நம்பாதீர்கள், பகல் மழையில் அந்த சென்சார் பல நேரம் விளக்கைப் போடாது.

அடுத்தது பின் பம்பரின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர். விளக்கு எல்லாம் அணைந்து சாலை ஓரம் நிற்கும் வண்டியைக் காட்டுவது இந்தச் சின்னத் துண்டுதான். பம்பர் அடிபட்டு வரும்போது இது உடைந்திருக்கும். பம்பருக்குப் பெயிண்ட் அடித்து, செலவு மிச்சம் என்று ரிஃப்ளெக்டர் இல்லாமலேயே வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். சில பட்டறைகளில் மறைப்பு ஒட்டாமல் அதன் மேலேயே கிளியர் கோட் ஏற்றிவிடுவதும் நடக்கிறது. வண்டியை எடுக்கும்போது ஒரு டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சில அடி தள்ளி நின்று அடித்துப் பாருங்கள். நல்ல ரிஃப்ளெக்டர் கனல் மாதிரி திரும்பி எரியும். மங்கலாகத் தெரிந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளித்துப் போயிருந்தால் தண்ணீர் விட்டு நைசான எமரி பேப்பரால் தேய்த்துப் பாலிஷ் போட்டு, மேலே யூவி தடுப்புப் பூச்சு கொடுக்கலாம். பூச்சு இல்லாமல் பாலிஷ் மட்டும் போட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகும். டெயில் லைட்டில் கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் அந்த வேலையைச் செய்வதில்லை. விளக்கை மூடுகிற ஒரு விஷயத்தை என் கையால் செய்ய மனசு வராது.

வண்டியைக் கழுவுவதும் இதில் சேரும். சேறு படிந்த வெள்ளைக் கார் பழுப்புக் கார்தான். நேரம் இல்லாவிட்டால் விளக்குகளையும் ரிஃப்ளெக்டர்களையும் பின் கண்ணாடியையும் மட்டுமாவது துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கலரையே மாற்ற நினைத்தால்

முழு வண்டிக்கும் வேறு கலர் அடிப்பது பெரிய வேலை. கதவைத் திறந்தால் தெரியும் உள் விளிம்பு, டிக்கி வாய், பானெட்டின் அடிப்பக்கம் எல்லாம் சேர்த்து அடித்தால்தான் அது முழு வேலை. வெளிப்பக்கம் மட்டும் அடித்துத் தருகிறேன் என்று குறைந்த தொகை சொன்னால் எதை விட்டுவிடுகிறார்கள் என்று கேளுங்கள். ஃபிலிம் ராப், அதாவது பெயிண்ட் மேல் கலர் ஃபிலிம் ஒட்டுவது கொஞ்சம் சுலபம், பழைய பெயிண்ட் அடியில் பத்திரமாக இருக்கும், வேண்டாம் என்றால் உரித்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே உரிந்து நிற்கும் கிளியர் கோட் மேல் ஒட்டினால், எடுக்கும்போது பெயிண்டும் கூடவே வரும். எந்த வழியானாலும், பல நாடுகளில் பதிவு ஆவணத்தில் வண்டியின் கலர் எழுதியிருக்கும். கலரை மாற்றினால் அதையும் மாற்ற வேண்டும். பட்டறைக்கு வண்டியை விடுவதற்கு முன்பே அந்த விதியை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கலரின் குறியீட்டு எண்ணையும் பட்டறையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு கதவு நசுங்கினால் கலர் மேட்ச் செய்ய வேறு துப்பு இருக்காது.